த்ரில் என்றால் துளை

“‘த்ரில்லுக்காகக் குத்தினேன்’: நண்பரை உளியால் குத்தியவர் போலீசில் பரபரப்பு வாக்குமூலம்.” 2023 ஜூலை 22, சனிக்கிழமை மாலை நாளிதழ், மாவட்டப் பக்கம், அடியில் வலது மூலை. அன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர். பக்கம் முழுக்க வடம் பிடித்த கூட்டத்தின் படம். அந்தப் படத்தின் காலடியில், நான்கு வரிகளில், என் தம்பி.

நான் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கிறவன். மழை பெய்த நாள், கரண்ட் போன நேரம், ஊரில் நடந்த சாவு, தேர் நிலைக்கு வந்த பொழுது எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வைப்பது என் வழக்கம். அந்தச் செய்தியையும் வெட்டி ஒட்டினேன். ஒட்டும்போதே அதில் ஒரு சொல் பிழை என்று தோன்றியது. அந்த ஒரு சொல் என் தம்பியை எத்தனை நாள் உள்ளே வைக்கும் என்பதுதான் தெரியவில்லை.

நடந்தது வியாழக்கிழமை காலை. தம்பியும் அவன் கூட்டாளியும் வீடுகளுக்கு அலமாரி, அடுக்களைத் தட்டு, வாட்ரோப் எல்லாம் பொருத்திக் கொடுப்பவர்கள். வருடக்கணக்காக ஒரே பைக்கில் போய் ஒரே பைக்கில் திரும்பியவர்கள். கூட்டாளி வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். எங்கள் சர்ச் அசன விருந்துக்கு முதல் பந்தியில் உட்காருவார். அன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் புதிதாகக் கட்டிய ஒரு வீட்டின் அடுக்களையில் வேலை. வீட்டுக்கார அம்மா வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா சொன்னது, கூட்டாளி சொன்னது, தம்பி சொன்னது, இந்த மூன்றும் ஒத்துப்போகிற இடங்களை மட்டும் முதலில் எழுதுகிறேன்.

கூட்டாளி ஹேமர் ட்ரில்லால் சுவரில் துளை போட்டார். அதன் முனையில் சுழலும் பிட், சுவருக்குள் இருந்த தண்ணீர்க் குழாயில் இறங்கிவிட்டது. புதுச் சுவரிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்து, முந்தின நாள் பொருத்திய பலகையெல்லாம் நனைந்தது.

“எவம்லே இந்த எடத்துல பிட்டை வச்சது? பைப் போற எடம்னு நேத்தே சொன்னேனா இல்லியா?” என்றான் தம்பி.

“நீ கோடு போட்ட எடத்துலதாம்லே வச்சேன்.”

“நான் போட்ட கோடு ஒரு சாண் தள்ளி இருக்கு. கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு ஒனக்கு?”

கூட்டாளி வீட்டுக்கார அம்மா பக்கம் திரும்பிச் சிரித்தார். “இவன் அளவெடுத்தா இப்படித்தாம்மா. கல்யாணத்துக்கு இவனே போயி அளவு குடுத்து மோதரம் செஞ்சான். பொண்ணுக்குச் சுண்டுவெரல்லகூட ஏறல.”

அந்த அம்மாவும் சிரித்துவிட்டார். அதற்காக அவர் பின்னால் என்னிடம் அழுதார். சிரித்ததில் அவர்மேல் என்ன குற்றம்? மோதிரக் கதைக்கு எங்கள் வீட்டில் சிரிக்காதவர்கள் இல்லை.

“ட்ரில்லைக் குடு,” என்றான் தம்பி.

“வாங்கிக்க.”

கொடுக்கவில்லை. விசையை அழுத்தி, சுழலும் பிட்டைத் தம்பியின் முகத்துக்கு நேரே நீட்டினார். தம்பி பின்வாங்கினான். இவர் முன்னால் வந்தார். மூக்குக்கு நேரே, கண்ணுக்கு நேரே, வயிற்றுக்கு நேரே. “வாங்கிக்கலே, வாங்கிக்க. ஏன் பம்முத?” தம்பி வயரைப் பிடித்து இழுத்தான். இழுத்த இழுப்பில் பிட் விலகி, மெஷினின் கனத்த உடம்பு அவன் வாயில் அடித்தது. மேல்பல் ஒன்று உடைந்தது. பற்களுக்கு நடுவே நாக்கு சிக்கிக் கிழிந்தது. நனைந்த தரையில் ரத்தம் விழுந்து தண்ணீரோடு ஓடியதை, தன் கால்விரலுக்கு வந்த பிறகுதான் ரத்தம் என்று கண்டதாக வீட்டுக்கார அம்மா சொன்னார்.

தம்பி குனிந்தான். பல்லைத் தேடுகிறான் என்று கூட்டாளி நினைத்தாராம். நிமிர்ந்தபோது கையில் முக்கால் அங்குல உளி. அது வயிற்றின் இடது பக்கம் பிடி வரைக்கும் இறங்கியது. ஈர மூட்டையில் ஊசி குத்துகிற மாதிரி ஒரு சத்தம் என்றார் வீட்டுக்கார அம்மா. அவர் முகத்தை மூடிக்கொண்டு திரும்பிவிட்டார். இதுவரைதான் மூவர் சொன்னதும் ஒத்துப்போகிறது.

போலீஸ் வந்தபோது தம்பி அதே அடுக்களையில், குழாய்த் தண்ணீர் முதுகில் அடிக்க, உட்கார்ந்திருந்தான். எதற்குக் குத்தினாய் என்று கேட்டிருக்கிறார்கள். ஒரே வார்த்தை சொன்னான். அது இரண்டு நாள் கழித்துப் பத்திரிகையில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து செட்டியார்பட்டியில் தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் சம்சாரம் அடுப்புப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தது.

“கோயில்ல பக்கத்துல ஒருத்தியும் உக்காரல அத்தான். தண்ணிக் கொழாயில ஒருத்தி கேக்கா, ‘ஏட்டி, ஒங்க வீட்டுக்காரருக்குத் திரில்லு வேணும்னா பேய்ப்படத்துக்குப் போகக் கூடாதா’ன்னு. அவிய அப்பிடிச் சொல்ற ஆளா?”

“இல்லம்மா. அவன் என்ன சொன்னாம்னு கேட்டுட்டு வாரேன். செத்த நேரம் பொறு.”

பொறுக்க நேரம் கிடைக்கவில்லை. தெருவில் பைக்குகள் வந்து நின்றன. கூட்டாளியின் உறவுக்காரப் பையன்கள். கூட்டாளி அப்போது மதுரை ஆஸ்பத்திரியில் பிழைப்பாரா என்று தெரியாமல் கிடந்தார். முதலில் வந்தவன் கையில் கிரிக்கெட் ஸ்டம்பு.

“திரில்லு கேட்டாம்ல ஒங்க ஆளு? எங்களுக்கும் திரில்லு வேணும்லா!”

அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லித்தான் அடித்தார்கள். ஸ்கூட்டரின் முகப்பு விளக்கை உடைத்தபோது ஒருமுறை. தண்ணீர்த் தொட்டியைப் பிளந்தபோது ஒருமுறை. ஜன்னல் கண்ணாடி உள்ளே கொட்டியபோது சேர்ந்து ஒருமுறை, கபடியில் பாட்டுப் பிடிக்கிற மாதிரி. தம்பி சம்சாரம் மறிக்கப் போய், ஒருவன் அதன் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கினான். எலும்பு முறிந்த சத்தத்தை நான் கேட்டேன். அவனும் கேட்டிருக்க வேண்டும். கையை விட்டுவிட்டுத் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் அவன் சட்டையைப் பிடித்தேன். ஸ்டம்பு என் இடது புருவத்தில் விழுந்தது. பிறகு கொஞ்ச நேரம் எனக்கு எல்லாம் சிவப்பு.

நாளிதழில் ‘தகராறில் குத்தினார்’ என்று வந்திருந்தால் இவர்கள் வந்திருப்பார்களா? கூட்டாளிகள் அடித்துக்கொள்வது எங்கள் பக்கம் புதிதல்ல. வந்தாலும் கத்திவிட்டுப் போயிருப்பார்கள். வேடிக்கைக்காகத் தங்கள் ஆளைக் குத்தினான் என்பதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் தாங்கியிருக்க மாட்டேன்.

மறுநாள் புருவத் தையலோடு ஸ்ரீவில்லிபுத்தூர் கிளைச் சிறைக்குப் போனேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் தம்பி. மேலுதடு தடித்துப் பிதுங்கியிருந்தது. வீட்டில் நடந்ததைச் சொல்லவில்லை. “போலீஸ்கிட்ட என்னலே சொன்ன?” என்று மட்டும் கேட்டேன்.

“த்ரில்லுக்குத்தான்,” என்றான்.

வலையில் காதை வைத்தேன். “என்னது?”

“த்ரில்லு! த்ரில்லு!” கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவனுக்கு. பிறகு வலது கையை முஷ்டி பிடித்து, ஆள்காட்டி விரலை நீட்டி, வலையின் ஓட்டையில் வைத்து முறுக்கினான். தொண்டையில் க்ர்ர்ர் என்று சத்தம் எழுப்பினான். காவலர் ஓடி வந்து கையைத் தட்டிவிட்டார்.

ட என்று சொல்ல நாக்கு மேலே மடங்கி அண்ணத்தைத் தொட வேண்டும். த என்று சொல்ல முன்னால் பல்லைத் தொட்டால் போதும். கிழிந்து வீங்கிய நாக்கு மடங்காது. அவன் ட்ரில்லுக்குத்தான் என்கிறான். கேட்கிறவர் காதில் த்ரில்லுக்குத்தான் என்று விழுகிறது. வெளியே வந்து தேர் நின்ற வீதி ஓரமாக நடந்துகொண்டே, நாக்கைக் கீழ்ப்பல்லில் அழுத்தி வைத்து ‘ட்ரில்’ சொல்லிப் பார்த்தேன். எனக்கும் த்ரில்தான் வந்தது. பூ விற்கிற அம்மா என்னைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்தார்.

தம்பி வழக்கை எடுத்திருந்த வக்கீலம்மாவிடம் சொன்னேன். சின்ன வயது. பேச்சில் தயவு தாட்சண்யம் இல்லை.

“போலீஸ்ட்ட சொன்னது வழக்குல சாட்சியாகாது அண்ணாச்சி. ஆனா ஜாமீனை எதிர்க்கையில அரசுத் தரப்பு அதைத்தான் எடுத்து வாசிக்காங்க. முத மனு அப்படித்தான் போச்சு. இங்கிலீஷ்ல வாசிச்சா இன்னும் மோசம். ருசிக்குக் குத்துனவன் மறுபடி குத்துவான்னு தோணும்ல? சண்டையில குத்துனவன்னா அது வேற.”

“அப்போ நாக்கைக் காட்டணும்.”

“நாக்கைக் காட்ட ஜெயில் டாக்டர் சீட்டு வாங்கிருதேன். அது நம்ம பக்கத்துச் சீட்டு. எதிராளி வாயாலயும் ஒரு வார்த்தை வரணும். குத்துப்பட்டவர் பேசுவாரா?”

பேசுவாரா என்று யாருக்குத் தெரியும்? அவர் கண் விழிப்பதற்கு நான் காத்திருந்த நாட்களில்தான் அந்தச் சொல்லைத் தேடினேன். பழைய பேப்பர்க் கடையில் எடைக்கு வாங்கிய, அட்டை போன, ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதி ஒன்று என்னிடம் உண்டு. த்ரில் என்ற இடத்தைப் பிரித்தேன். சினிமா, ராட்டினம், பேய்க்கதை என்று ஏதாவது இருக்கும் என நினைத்திருந்தேன்.

துளையிடுதல் என்று இருந்தது.

பழைய ஆங்கிலத்தில் துளைக்கு ஒரு சொல். அதிலிருந்து துளையிடுவதற்கு ஒரு வினை. ஊடே, உள்ளாக என்று பொருள்படும் ‘த்ரூ’ என்ற சொல்லும் அதே குடும்பம். மூக்குத் துவாரத்துக்கு அவர்கள் சொல்லும் ‘நாஸ்ட்ரில்’ என்ற சொல்லின் பின்பாதியும் இந்தத் துளைதான். ஈட்டி உடம்பில் ஊடுருவுவதையும் வாள் உருவிச் செல்வதையும் இந்த வினையால்தான் சொல்லியிருக்கிறார்கள். அப்புறம் பயம் நெஞ்சை ஊடுருவியது. அப்புறம் ஆனந்தம். கடைசியில் ஈட்டியை மறந்துவிட்டார்கள். ஆனந்தம் மட்டும் மிஞ்சியது. அடுத்து ட்ரில் என்ற இடத்தைப் பார்த்தேன். டச்சுக்காரர்களிடமிருந்து வந்தது, திருப்புதல், குடைதல் என்றது. என்னுடைய பழைய அகராதி இரண்டையும் அக்காள் தங்கை என்கிறது. பிறகு வந்த சில அகராதிகள் அதை ஒப்புக்கொள்வதில்லை. வேர் வேறு வேறு என்கின்றன. நம் துளையும் அதுவும் ஒன்றுதானே என்று எங்கள் கம்பெனியில் ஒருவர் கேட்டார். ஓசை ஒத்திருப்பதை வைத்து உறவு சொல்ல முடியாது என்றேன். அவருக்குக் கோபம்.

நான் யோசித்தது வேறு. நமக்கு அந்த உணர்வுக்கு எத்தனை சொற்கள்! சிலிர்ப்பு, புல்லரிப்பு, மயிர்க்கூச்சம். எல்லாம் தோலோடு நின்றுவிடுகின்றன. பரபரப்பு என்று தலைப்பில் போட்டார்களே, அது கையும் காலும் அலைகிற அலைச்சல். ஒன்றுகூட உள்ளே போவதில்லை. ஆங்கிலச் சொல் மட்டும் தோலைக் கிழித்துக்கொண்டு உள்ளே இறங்கியிருக்கிறது. உளி மாதிரி. அகராதியை மூடி வைத்தேன். வக்கீலம்மாவிடம் இதைச் சொன்னபோது, “கோர்ட்டுல இதை மட்டும் சொல்லீராதீங்க அண்ணாச்சி. ரெண்டும் குத்துதான்னு அவங்களே எடுத்துக்குவாங்க,” என்றார்.

ஜூலை கடைசியில் கூட்டாளி பேசும் நிலைக்கு வந்தார். மதுரைக்குப் போனேன். வார்டு வாசலில் ஸ்டம்பு வைத்திருந்த பையன் உட்கார்ந்திருந்தான். என் புருவத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அவன் வழி விட்டான், நான் உள்ளே போனேன். 

“வாங்க அண்ணாச்சி,” என்றார் கூட்டாளி. “என்ன, புருவத்துல புதுசா டிசைன் போட்டிருக்கீங்க?”

“ஒங்க வீட்டுப் பையங்க போட்டுவிட்டாங்க.”

“ஐயோ, சிரிக்க வைக்காதீங்க. தையல் இழுக்குது.” சிரித்து, முகம் கோணி, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வலி அடங்கும் வரை காத்திருந்து கேட்டேன்.

“அவன் அங்க என்ன கேட்டான்? ட்ரில்லா, த்ரில்லா?”

“ட்ரில்லைக் குடுன்னுதான் கேட்டான். குடுத்திருந்தா முடிஞ்சிருக்கும். நான்தான் அவன் மூஞ்சிக்கு நேரா ஓட்டுனேன். அவன் பம்முனான் பாருங்க, எனக்கு அப்படி ஒரு…” நிறுத்தினார். “நல்லா இருந்துச்சு அண்ணாச்சி. என்னத்தச் சொல்ல.”

“இதை எழுதித் தருவீங்களா?”

“என் வக்கீலு வேண்டாம்பாரு. தாரேன். அவன் பிள்ளைக எனக்கும் பிள்ளைகதான்.” பிறகு வயிற்றின் மேலிருந்த துணியை விலக்கினார். நர்சு திட்டினார், அவர் கேட்கவில்லை. புண்மேல் போட்டிருந்த காஸ் துணியின் நெசவைப் பார்த்ததும் எங்கள் பக்கத்துத் தறி என்று எனக்குத் தெரிந்தது. அதைத் தூக்கிக் காட்டினார். இடது பக்கம் பெரிய தையல். அதற்கு ஒரு கையகலம் தள்ளி, விலாவுக்குக் கீழே, சின்னதாக இன்னொன்று.

“மொதக் குத்து நான் கேட்டு வாங்குனது. ட்ரில்லுக்கு. அதை யாருட்டயும் சொல்லுதேன். இந்த ரெண்டாவது எதுக்குன்னு அவனைக் கேளுங்க அண்ணாச்சி. நான் கீழ விழுந்து கெடக்கேன். ட்ரில்லு ஒரு பக்கம் கெடக்கு. பொறவு எதுக்கு?”

ஆகஸ்ட் முதல் வாரத்தில் மாவட்ட நீதிமன்றத்தில் மனு விசாரணைக்கு வந்தது. வக்கீலம்மா ஜெயில் டாக்டர் சீட்டையும் கூட்டாளி எழுதித் தந்ததையும் வைத்தார். அரசுத் தரப்பு அந்தச் சொல்லை வாசித்தது. “ஐயா, ட சொல்லுறதுக்கு நாக்கு வேணும்,” என்றார் வக்கீலம்மா. நீதிபதி பேனாவை வைத்துவிட்டு வாய்க்குள்ளேயே எதையோ சொல்லிப் பார்த்த மாதிரி எனக்குத் தோன்றியது. ஜாமீன் கிடைத்தது. தினமும் கையெழுத்துப் போட வேண்டும், கூட்டாளி பக்கம் போகக் கூடாது.

அன்று சாயங்காலம் தம்பியை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். சம்சாரத்தின் கைக்கட்டைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான். யார் செய்தது என்று கேட்கவில்லை. கட்டின்மேல் கையை வைத்தான். சம்சாரம் அந்தக் கையைத் தட்டிவிட்டது.

“ஒம்ம கையை எம்மேல வைக்காதேயும். போயிக் குளியும் மொதல்ல.”

அவன் குளித்துவிட்டு வந்து, பிளந்த தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்தான். நாக்கு ஆறியிருந்தது. ட நன்றாகவே வந்தது.

“அவன் ட்ரில்லுக்குத்தாம்னு எழுதிக் குடுத்தானாமே அண்ணே?”

“குடுத்தான். ரெண்டு குத்து இருக்கு அவன் வயித்துல.”

“ஒண்ணுதாண்ணே நான் குத்துனது.”

“மதுரை டாக்டர் சீட்டுல ரெண்டு இருக்கு. நானே பாத்தேன்.”

“அவன் விழுகையில உளி மேல விழுந்திருப்பான். தரையெல்லாம் தண்ணி.”  பிறகு வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “உள்ள போகையில இங்க இருந்து முட்டி வரைக்கும் ஒண்ணு ஏறுச்சுண்ணே. கரண்டு மாதிரி. கரண்டு இல்ல. வலிக்கல. வலிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். நீங்கதான் பொஸ்தகமெல்லாம் பாப்பீகளே. அதுக்கு என்னண்ணே பேரு?”

எனக்குப் பேர் தெரியும். வீட்டில் அட்டை போன புத்தகத்தில் அது இருக்கிறது. தம்பியை வெளியே கொண்டு வருவதற்காக, அந்தப் பேரை அவன் சொல்லவே இல்லை என்று ஊருக்கும் நீதிமன்றத்துக்கும் நிரூபித்துவிட்டு வந்திருந்தேன்.

“உள்ள போயிப் படு,” என்றேன்.

கூட்டாளி பிழைத்துக்கொண்டார். இப்போது தனியாக, வேறு ஆட்களை வைத்து வேலை எடுக்கிறார். தம்பி உளி பிடிப்பதில்லை. கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு ப்ளைவுட் கடையில் நிற்கிறான். சம்சாரத்தின் கை கூடிவிட்டது, மழைக்காலத்தில் குடைச்சல். அந்தப் பையன்கள்மேல் நாங்கள் புகார் கொடுக்கவில்லை. நாளிதழ் திருத்தம் போடவில்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

என் குறிப்பில் ஒரு பதிவு மட்டும் முடியாமல் நிற்கிறது. வீட்டுக்கார அம்மாவை மூன்று முறை பார்த்துக் கேட்டேன். முகத்தை மூடியிருந்தேன் என்கிறார். அதற்குப் பிறகு மறுபடி குத்துகிற சத்தம் கேட்டதா என்றால், தண்ணீர்ச் சத்தம் என்கிறார். தம்பி ஒன்று என்கிறான். கூட்டாளி இரண்டு என்கிறார். மதுரை டாக்டர் சீட்டு இரண்டு காயம் என்று சொல்கிறது. எப்படி உண்டானது என்று சொல்லவில்லை. ஈரத் தரையில் உளிமேல் விழுந்ததா, விழுந்து கிடந்தவர்மேல் உளி மறுபடி இறங்கியதா? இரண்டாவது துளை எப்படி உண்டானது என்பதை இன்று வரை என்னால் உறுதி செய்ய முடியவில்லை.